ஷோப்பான் வால்ட்ஸும் சில நாட்டாமைகளும்

முன்னாடியே சொல்லிவிடுகிறேன், இது கொஞ்சம் காரமான கட்டுரை. யார் மனசாவது புண்பட்டால் கம்பெனி பொறுப்பல்ல.

மேற்கத்திய கிளாசிக்கல் பியானோ கேட்கும் நம் வட்டாரத்தில் ஒரு வியாதி இருக்கிறது. ஒரே வால்ட்ஸை நாலு பேர் வாசித்த ஒலிப்பதிவைக் கையில் கொடுத்தால், பொறுமையாக நாலையும் கேட்டுவிட்டு முதல் கேள்வியாக இதைத்தான் கேட்கிறார்கள்: "இதுல எது கரெக்ட்?"

கரெக்டா? இதென்ன கணக்குப் பரீட்சையா? பின்பக்கம் விடை அச்சடித்திருக்கிறதா?

கேட்பவர்களைக்கூட மன்னித்துவிடலாம், புதுசு. ஆனால் உடனே தீர்ப்பு சொல்லக் கிளம்பும் நாட்டாமைகள் இருக்கிறார்களே, சொம்பு மட்டும்தான் பாக்கி. "இவர் வாசிச்சதுதான் ஷோப்பான், மத்ததெல்லாம் குப்பை" என்று ஒரே போடு. இந்தத் தீர்ப்புகளைக் கேட்டுக் கேட்டு எனக்கு ரத்தக் கொதிப்பு வந்ததுதான் மிச்சம். அதனால் நாட்டாமைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரிக்கப் போகிறேன்.

அதற்கு முன், தெரியாதவர்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். வால்ட்ஸ் என்பது ஜோடியாகச் சுழன்று ஆடும் நடனம். ஒன்று-இரண்டு-மூன்று, ஒன்று-இரண்டு-மூன்று என்று போகும். பியானோவில் இடது கை முதல் அடிக்கு ஒரு கனமான ஸ்வரத்தையும் அடுத்த இரண்டு அடிகளுக்கு லேசான கார்டுகளையும் போட்டுக்கொண்டே இருக்க, வலது கை மேலே பாட்டு பாடும். போலந்தில் பிறந்து பாரிஸில் வாழ்ந்து, 1849இல் அங்கேயே இறந்துபோன ஃபிரெடரிக் ஷோப்பான் எழுதிய வால்ட்ஸ்களுக்கு யாரும் ஆட மாட்டார்கள். உட்கார்ந்து கேட்பதற்கான வால்ட்ஸ்கள் அவை. அவர் உயிரோடு இருந்தபோது வெளியிட்டது எட்டே எட்டு: 1834இல் ஓபஸ் 18, 1838இல் ஓபஸ் 34 (மூன்று), 1840இல் ஓபஸ் 42, 1847இல் ஓபஸ் 64 (மூன்று). மற்றதெல்லாம் அவர் செத்த பிறகு வந்தவை. பழைய ரெக்கார்டுகளில் பெரும்பாலும் பதினாலு வால்ட்ஸ் கொண்ட செட்டாக இருக்கும்.

சரி, விசாரணைக்குப் போவோம்.

நாட்டாமை நம்பர் 1: "எழுதியிருக்கிறதை அப்படியே வாசி"

இவர்தான் ரொம்ப ஆபத்தானவர், ஏனென்றால் பார்க்க ரொம்ப நியாயமாகத் தெரிவார். கம்போஸர் எழுதிய ஸ்கோர் இருக்கிறது, அதில் இருப்பதை வாசித்தால் போதும், வாசிக்கிறவன் தன் சரக்கைக் கலக்கக் கூடாது. இதுதான் இவர் கட்சி.

ஐயா, எந்த ஸ்கோர்?

ஷோப்பான் தன் படைப்புகளை பிரான்ஸ், ஜெர்மனி, இங்கிலாந்து என்று மூன்று நாட்டுப் பதிப்பாளர்களுக்குக் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் கொடுத்தவர். மூன்று பதிப்பும் ஒரே மாதிரி இருக்காது. அது போதாதென்று, பாடம் சொல்லிக் கொடுக்கும்போது மாணவிகளின் அச்சுப் பிரதியில் பென்சிலால் வேறு வேறு மாற்றங்களை எழுதிக் கொடுத்திருக்கிறார். ஜேன் ஸ்டர்லிங் போன்ற மாணவிகளின் பிரதிகள் இன்றும் இருக்கின்றன. போலந்தின் தேசியப் பதிப்பைத் தொகுத்த யான் எகியர் போன்றவர்கள் இதையெல்லாம் வைத்துக்கொண்டுதான் மண்டையை உடைத்துக்கொண்டார்கள்.

ஓபஸ் 69இன் முதல் வால்ட்ஸை எடுத்துக்கொள்ளுங்கள், ஏ ஃபிளாட் மேஜர். மரியா வோட்ஜின்ஸ்கா என்ற பெண்ணுக்காக 1835இல் எழுதிக் கொடுத்தது. அதையே பிறகு வேறு பெண்களுக்கும் தன் கைப்பட எழுதிக் கொடுத்திருக்கிறார். (இதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.) அந்தக் கைப்பிரதிகள் ஒன்றுக்கொன்று அப்படியே ஒத்துப்போவதில்லை. 1855இல் நண்பர் யூலியன் ஃபொன்டானா அச்சில் கொண்டுவந்த வடிவம் அவற்றிலிருந்தும் மாறுபடுகிறது. நாம் பெரும்பாலும் கேட்டுப் பழகியது இந்த ஃபொன்டானா வடிவத்தைத்தான்.

இன்னொரு கூத்தும் உண்டு. வெளியிடாத கைப்பிரதிகளை எரித்துவிடச் சொல்லிவிட்டுத்தான் ஷோப்பான் செத்தார். குடும்பத்தாரின் சம்மதத்தோடு ஃபொன்டானா வெளியிட்டார். ஆக, "கம்போஸர் சொன்னதே வேதம்" என்று நீங்கள் நிஜமாகவே நம்பினால், ஓபஸ் 69, ஓபஸ் 70 பக்கமே போகக் கூடாது. ஆனால் நம் நாட்டாமை அந்த ஏ ஃபிளாட் வால்ட்ஸைக் கேட்டுக் கண்ணீர் விட்டுக்கொண்டே ஸ்கோர் பக்தி பேசுவார்.

சரி, சண்டை சச்சரவே இல்லாத ஒரு வால்ட்ஸுக்குப் போவோம். ஓபஸ் 64இல் இரண்டாவது, சி ஷார்ப் மைனர். அவர் உயிரோடு இருந்தபோதே வந்தது. அதன் தலையில் வேகத்தைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? "டெம்போ ஜுஸ்டோ". இத்தாலிய மொழி. அர்த்தம்: சரியான வேகம்.

அவ்வளவுதான்! மெட்ரோனோம் எண் கிடையாது. சரியான வேகத்தில் வாசி என்று எழுதிவிட்டு மனுஷன் போய்விட்டார். எது சரி என்று கண்டுபிடிப்பது உன் தலைவலி. எழுதியிருப்பதை அப்படியே வாசிப்பவர் இதை எப்படி "அப்படியே" வாசிப்பார்? யாராவது சொன்னால் புண்ணியமாகப் போகும்.

இதற்கு நேரெதிரான கூத்து ஓபஸ் 64இன் முதல் வால்ட்ஸ். "மினிட் வால்ட்ஸ்" என்று பெயர் வாங்கிவிட்டது. அந்தப் பெயரை ஷோப்பான் வைக்கவில்லை. குட்டியானது என்ற பொருளில் "மைன்யூட்" என்று வழங்கியது, அறுபது நொடி என்று ஆகிவிட்டது என்பதுதான் பரவலான விளக்கம். ஒழுங்காக வாசித்தால் ஒன்றரை நிமிடத்துக்கு மேல் ஆகும். ஆனால் பெயரைப் பார்த்துவிட்டு ஸ்டாப் வாட்சோடு உட்காரும் கூட்டம் ஒன்று இருக்கிறது. அவர் போடாத எண்ணை நாமே போட்டுக்கொண்டு, அதற்கு விசுவாசமாக ஓடுகிறோம்.

நாட்டாமை நம்பர் 2: "ஷோப்பானே இப்படித்தான் வாசித்தார்"

இவர் பரம்பரைக் கட்சி. இன்னார் இன்னாருடைய சீடர், அவர் ஷோப்பானின் நேரடிச் சீடர், ஆகவே இதுதான் ஒரிஜினல்.

கரோல் மிகூலி ஷோப்பானிடம் நேரடியாகப் படித்தவர். அவரிடம் படித்தவர்களில் இரண்டு பேர், ரவூல் கோசால்ஸ்கியும் மொரீட்ஸ் ரோசென்தாலும், ஒலிப்பதிவுக் காலம் வரை வாழ்ந்தார்கள். இரண்டு பேரின் ஷோப்பான் ரெக்கார்டுகளும் இன்றைக்குக் கிடைக்கின்றன, கேட்டுப் பாருங்கள். ஒரே வாத்தியார், ஒரே பரம்பரை. ஆனால் ஒருவர் மாதிரி இன்னொருவர் வாசிக்கவில்லை. இதில் யாருடையது "ஒரிஜினல்"? சீட்டுக் குலுக்கிப் போடலாமா?

அதைவிடப் பெரிய சிக்கல், ஷோப்பானே ஷோப்பான் மாதிரி வாசிக்கவில்லை என்பது. 1848இல் அவர் இங்கிலாந்து போயிருந்தபோது பிராட்வுட் பியானோ கம்பெனியைச் சேர்ந்த ஹிப்கின்ஸ் பக்கத்திலிருந்து கேட்டவர். தன் சொந்தப் படைப்பை அவர் இரண்டு தடவை ஒரே மாதிரி வாசித்ததில்லை என்று அவர் எழுதிவைத்திருக்கிறார். அதே வருஷம் பிப்ரவரியில் பாரிஸில் நடந்த ஷோப்பானின் கடைசிக் கச்சேரியைப் பற்றி சார்ல்ஸ் ஹாலே சொல்லும் செய்தி இன்னும் அருமை. பார்கரோல் என்ற படைப்பில் முழு பலத்தோடு வாசிக்க வேண்டிய இடத்தை ஷோப்பான் அப்படியே தலைகீழாக்கி, மிக மெல்லியதாக வாசித்தாராம். உடம்பில் தெம்பில்லை. ஆனால் கேட்டவருக்கு அதுவும் அற்புதமாகப் பட்டது. நம் நாட்டாமை அன்று முன்வரிசையில் உட்கார்ந்திருந்தால் எழுந்து நின்று, "சார், உங்க ஸ்கோர்ல ஃபோர்ட்டே போட்டிருக்கு" என்று திருத்தியிருப்பார்.

இதைச் சொன்னால் உடனே மறு தரப்பு வரும்: "அப்போ ஷோப்பான் இஷ்டத்துக்கு வாசிச்சார்னு சொல்றியா?" அதுவும் இல்லை. தன் பியானோ மேல் எப்போதும் மெட்ரோனோம் வைத்திருந்தவர் அவர், சொல்வது அதே மிகூலி. இடது கைதான் நடத்துனர், அது தாளத்தை விடக் கூடாது, வலது கை அதன் மேல் சுதந்திரமாகப் பாடலாம் என்று சொல்லிக்கொடுத்தவர்.

ஆனால் தாளத்தை விடவில்லை என்று அவர் நினைத்தது மற்றவர் காதுக்கு எப்படிக் கேட்டது? மேயர்பேர் கதை ஒன்று உண்டு. வால்ட்ஸ் இல்லை, அதே மூன்று அடியில் போகும் மஸூர்கா. லென்ஸ் என்ற மாணவர் பாடம் எடுத்துக்கொண்டிருந்தபோது ஓபரா மேதை மேயர்பேர் உள்ளே வந்தார். கேட்டுவிட்டு, "இது மூன்று அடி இல்லை, இரண்டு அடி" என்றார். ஷோப்பானுக்கு வந்ததே கோபம்! மூன்றுதான் என்று பென்சிலால் தட்டித் தட்டி, குரலை உயர்த்திச் சண்டை போட்டிருக்கிறார். மேயர்பேரும் அசையவில்லை. அந்த அறையில் இருந்தவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. ஒருவர் அதை எழுதியவர், இன்னொருவர் ஐரோப்பா முழுக்கப் பேர் வாங்கியவர். அவர்களுக்கே ஒரே வாசிப்பு இரண்டு விதமாகக் கேட்டிருக்கிறது. நீங்களும் நானும் எம்பி3யை வைத்துக்கொண்டு தீர்ப்பு எழுதுகிறோம்.

பியானோவும் அதே பியானோ இல்லை. அவருக்குப் பிடித்தது பிளேயெல். விரல் பட்டாலே பேசும், சத்தம் குறைவு. இன்றைய பெரிய கான்செர்ட் பியானோவின் அடித்த ஸ்வரங்கள் ஒரு அரங்கத்தையே நிரப்பும். அதே பெடல் குறியை அப்படியே இதில் மிதித்தால் அவர் கேட்ட ஓசை வராது. அதனால் வாசிப்பவர் முடிவெடுத்தே ஆக வேண்டும். முடிவெடுக்காமல் தப்பிக்க வழியே இல்லை.

நாட்டாமை நம்பர் 3: "லிபாட்டிக்கு அப்புறம் எவனும் வாசிக்க வேண்டாம்"

டினு லிபாட்டி ருமேனியாக்காரர். ஹாட்ஜ்கின் நோய் வந்து 1950 டிசம்பரில் 33 வயதில் இறந்தார். அந்த வருஷம் ஜூலையில் ஜெனீவாவில் பதினாலு வால்ட்ஸையும் ரெக்கார்ட் செய்தார். செப்டம்பர் 16ஆம் தேதி பிரான்ஸில் பெசான்சோன் என்ற ஊரில் கடைசிக் கச்சேரி. அதிலும் பதினாலு வாசிப்பதாக ஏற்பாடு. பதின்மூன்று வாசித்தார். கடைசி ஒன்றுக்கு உடம்பில் தெம்பில்லை.

இந்தக் கதை தெரிந்து கேட்டால் யாருக்கும் தொண்டை அடைக்கும், எனக்கும்தான். ஆனால் கதையைக் கேட்கிறோமா, வாசிப்பைக் கேட்கிறோமா? ஒரு தடவை கதையை மறந்துவிட்டுக் கேளுங்கள். அதில் சாவு எங்கேயும் இல்லை. தெளிவு, ஓட்டம், துளி அழுக்கில்லாத தாளம். சாகப்போகிற மனுஷன் அழுகிறான் என்று ஊரே சொல்கிறது, அவரானால் தலையை நிமிர்த்திக்கொண்டு நடக்கிறார். புனிதராக்கி மாலை போட்டவர்கள்தான் அவரைச் சரியாகக் கேட்கவில்லை என்பது என் குற்றச்சாட்டு.

இன்னொரு செய்தி. 1933இல் வியன்னா போட்டியில் லிபாட்டிக்கு இரண்டாம் பரிசுதான் கிடைத்தது. அதைக் கண்டித்து நடுவர் குழுவிலிருந்தே விலகியவர் பிரெஞ்சுப் பியானோ மேதை ஆல்ஃப்ரெட் கோர்த்தோ. பிறகு லிபாட்டி பாரிஸுக்குப் போய் அவர் நிறுவனத்திலேயே படித்தார். அதே கோர்த்தோ 1934இல் பதினாலு வால்ட்ஸையும் ரெக்கார்ட் செய்திருக்கிறார். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். வானத்துக்கும் பூமிக்குமான தூரம்! கோர்த்தோ ஒரு வாக்கியத்தின் முடிவில் நின்று யோசிப்பார், திடீரென்று ஓடுவார், அங்கங்கே தப்பு ஸ்வரமும் விழும். ஆனால் அந்தத் தப்புகளோடு அவர் சொல்லும் கதை வேறு யாரிடமும் கிடைக்காது. தனக்காகப் பதவியைத் தூக்கி எறிந்த குரு மாதிரி லிபாட்டி வாசிக்கவில்லை. அதுதான் அவர் கோர்த்தோவிடம் உருப்படியாகப் படித்தார் என்பதற்கு அடையாளம் என்பேன் நான்.

நாட்டாமை நம்பர் 4: "விடு மச்சி, அவனவன் டேஸ்ட்"

முதல் மூன்று பேரையும் நான் திட்டும்போது கைதட்டிக்கொண்டிருந்தவர் இவர். இப்போது இவர் முறை.

எல்லாமே நல்லாத்தான் இருக்கு, அவரவர் ரசனை என்று சொல்வது பெருந்தன்மை மாதிரி தெரியும். உண்மையில் அது சோம்பேறித்தனம். எதையும் உற்றுக் கேட்காதவனுக்குத்தான் எல்லாம் ஒரே மாதிரி நன்றாக இருக்கும். மோசமான வாசிப்பு என்று ஒன்று கண்டிப்பாக உண்டு. கோர்த்தோ தப்பு ஸ்வரம் வாசித்தும் மோசமில்லை, எத்தனையோ பேர் ஒரு ஸ்வரம்கூடத் தப்பாமல் வாசித்தும் படு மோசம். அது ஏன் என்று சொல்லத் தெரிய வேண்டும். அதற்குக் காது வேண்டும், காரணமும் வேண்டும்.

அப்போ எப்படித்தான் கேட்பது?

"எது கரெக்ட்" என்ற கேள்வியைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு கேள்விகளைக் கையில் எடுங்கள். நான் கேட்டுக்கொள்ளும் மூன்றை மட்டும் சொல்கிறேன்.

ஒன்று, திரும்ப வருவதை என்ன செய்கிறார்? அந்த சி ஷார்ப் மைனர் வால்ட்ஸில் மூன்று பகுதிகள். தயங்கித் தயங்கி வரும் முதல் பகுதி, சுழன்று ஓடும் இரண்டாவது, நடுவில் ஒரே ஒரு தடவை வரும் மெதுவான மேஜர் பகுதி. அந்தச் சுழலும் பகுதி மொத்தம் மூன்று இடத்தில் வருகிறது, வால்ட்ஸ் முடிவதும் அதில்தான். மூன்றிலும் ஸ்வரம் ஒன்றே. வாசிப்பவர் மூன்றையும் ஜெராக்ஸ் எடுத்த மாதிரி வாசித்தால், அவர் யோசிக்கவே இல்லை என்று அர்த்தம். வேண்டுமென்றே மாற்றாமல் விடலாம், தப்பிக்க முடியாத ஒன்று திரும்பத் திரும்ப வருகிற மாதிரி. ஒவ்வொரு தடவையும் மங்கிக்கொண்டே போகலாம். இரண்டுமே பதில்கள். பதில் இருக்கிறதா என்பதுதான் முக்கியம். 1927இல் ராக்மனினாஃப் ரெக்கார்ட் செய்ததையும் 1963இல் தன் 76 வயதில் ரூபின்ஸ்டைன் வாசித்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். முன்னவர் இழுத்துப் பிடித்துப் பாய்கிறார். பின்னவர் குரலை உயர்த்தாமல், கனவான் மாதிரி நடந்து போகிறார். இரண்டு பேரிடமும் பதில் இருக்கிறது.

இரண்டு, இடது கை உயிரோடு இருக்கிறதா? ஓபஸ் 34இன் இரண்டாவது வால்ட்ஸில், ஏ மைனர், ஆரம்பத்திலேயே பாட்டு இடது கைக்குப் போய்விடுகிறது. செல்லோ மாதிரி கீழே பாடும். மேலே "லென்டோ", மெதுவாக, என்று எழுதியிருக்கிறது. மெதுவான வால்ட்ஸா? அப்படியென்றால் அது ஆட மறந்த நடனமா, அல்லது தூரத்தில் யாரோ ஆடுவதை ஜன்னல் வழியாகப் பார்ப்பதா? தாளத்தைக் கொஞ்சம் தூக்கலாக வைத்தால் ஒன்று, கரைத்துவிட்டால் இன்னொன்று. ஷோப்பானுக்கே மிகவும் பிடித்த வால்ட்ஸ் இது என்பதற்கு ஸ்டீஃபன் ஹெல்லர் என்ற இசைக்காரர் சாட்சி.

மூன்று, சிக்கலை மறைக்கிறாரா, காட்டுகிறாரா? ஓபஸ் 42இல் இடது கை மூன்று மூன்றாகப் போகும்போது வலது கை பாட்டு இரண்டு இரண்டாகப் பிரிந்து நிற்கும். ஒருவர் அந்த இழுபறியைக் காதில் விழ வைப்பார். இன்னொருவர் பட்டு மாதிரி வழுக்கிக்கொண்டு போவார். எது பிடிக்கிறது என்பது உங்கள் உரிமை. ஆனால் அங்கே ஒரு இழுபறி இருப்பதே தெரியாமல் "சூப்பர்" என்று சொல்வதற்கு உரிமை கிடையாது.

இதற்கு ஏன் இவ்வளவு கோபம்?

ஏனென்றால் இது ரசனைச் சண்டையோடு நிற்பதில்லை. நம்ம ஊரில் பியானோ படிக்கும் பெரும்பாலோருக்கு அது கிரேடு பரீட்சையோடு ஆரம்பித்து கிரேடு பரீட்சையோடு முடிகிறது. மூன்று பீஸ், ஸ்கேல், சர்டிபிகேட், பிறகு பியானோவுக்கு மேல் துணி. "சரியான" ஒலிப்பதிவு ஒன்றைத் திரும்பத் திரும்பக் கேட்டு அச்சடிப்பதுதான் தயாரிப்பு. எங்கே மூச்சு விடுவது என்பதைக்கூடக் காப்பி அடிக்கிறோம். நீயாக யோசித்து ஒரு இடத்தில் கொஞ்சம் நின்றால், "ஏன் நின்னே?" என்று கேட்பார்கள். கேட்கட்டும், நல்ல கேள்விதான். ஆனால் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் "நிக்காதே" என்று வந்துவிடுகிறது. அந்தக் கேள்விக்குப் பதில் தேடத் தெரிந்தவன்தான் வாசிப்பவன். மற்றவர்கள் டைப்பிஸ்டுகள்.

2024 அக்டோபரில் ஒரு வேடிக்கை நடந்தது. நியூயார்க் மோர்கன் நூலகத்தில் ஷோப்பான் கையெழுத்தில் அதுவரை யாருக்கும் தெரியாத ஒரு ஏ மைனர் வால்ட்ஸ் கிடைத்ததாக அறிவித்தார்கள். உள்ளங்கை அளவு காகிதம். மொத்தம் இருபத்து நாலு பார், ஆரம்பத்திலேயே இடி மாதிரி ஒரு உச்சக் குறி. லாங் லாங் வாசித்தார், மற்றவர்களும் வாசிக்க ஆரம்பித்தார்கள். அதற்கு லிபாட்டி ரெக்கார்ட் கிடையாது, கோர்த்தோ கிடையாது, பரம்பரை கிடையாது. காப்பி அடிக்க ஒன்றுமே இல்லை. அந்தக் காகிதத்தின் முன்னால் எல்லாரும் கொஞ்ச நாளைக்குச் சமம்: நீ, அந்தக் குறிகள், உன் காது.

நான் சொல்வது இவ்வளவுதான். மற்ற பதினாலையும் அப்படியே அணுகுங்கள். ஒரே ஒரு சரியான வாசிப்பு இருந்திருந்தால், 1950இலேயே எல்லாப் பியானோவையும் மூடிவிட்டுப் போயிருக்கலாம். அப்படி நடக்கவில்லை, நடக்கவும் கூடாது.

பி.கு: "சரிப்பா, எங்கே ஆரம்பிப்பது?" என்பவர்களுக்கு: சி ஷார்ப் மைனர் வால்ட்ஸ் ஒன்றே போதும். கோர்த்தோ, லிபாட்டி, ரூபின்ஸ்டைன், இந்த வரிசையில். மூன்றும் சேர்ந்து பத்துப் பன்னிரண்டு நிமிஷம்தான். பேப்பரும் பேனாவும் வைத்துக்கொண்டு, எங்கே எங்கே வித்தியாசம் என்று மட்டும் குறியுங்கள். மார்க் போடக் கூடாது. போட்டால் நீங்களும் நாட்டாமைதான், சொம்பு நான் வாங்கித் தருகிறேன் :-)